ட்ரெய்லிங் ஆர்மின் முன்முனைக்கு எந்த ஜாயின்ட்?

கேள்வி: தாம்பரத்தில் இருக்கிறேன். மதுராந்தகம் பக்கம் உள்ள எங்கள் நிலத்தில் ஓட்டுவதற்காக அண்ணனும் நானும் ஒரு பக்கி (மேடு பள்ளத்தில் ஓட்டும் சின்ன வண்டி) செய்துகொண்டிருக்கிறோம். மாருதி 800 இன்ஜின். ஆளோடு சேர்த்து 520 கிலோ வரும். பின்பக்கம் 600 மி.மீ. நீள ட்ரெய்லிங் ஆர்ம், அதாவது முன்முனை சட்டத்திலும் பின்முனை சக்கரத்திலும் இருக்கும் கை. முன்முனையிலிருந்து 400 மி.மீ. தள்ளி, ஆர்மின் மேலேயே ஷாக் அப்சார்பர் உட்காருகிறது. சக்கரம் மாட்டும் ஹப்பிலிருந்து சட்டத்துக்கு இரண்டு குறுக்கு லிங்க். முன்முனைக்கு எம்16 ராட் எண்ட் (தலையில் பந்தும் வாலில் 16 மி.மீ. மரையும் உள்ள ஜாயின்ட்) போதும் என்கிறார் லேத்காரர். புதுப்பேட்டையில் கேட்டால் ஜீப் சைலன்ட் பிளாக் (இரும்புக் குழலுக்குள் ரப்பர் வைத்த புஷ்) போடச் சொல்கிறார்கள். எதைப் போடுவது?

பதில்: முன்முனைக்கு இரண்டுமே வேண்டாம். ஆனால் லேத்காரர் சொன்ன ராட் எண்டுக்கு உங்கள் வண்டியில் வேறு இடம் இருக்கிறது.

முதலில் அந்த முனை எப்படியெல்லாம் அசைய வேண்டும் என்று பாருங்கள். நிற்கிற ஆட்டோவின் பின்சக்கரத்தைக் குனிந்து கவனியுங்கள். அதுவும் ட்ரெய்லிங் ஆர்ம்தான், ஆனால் குறுக்கு லிங்க் கிடையாது. சக்கரம் பக்கவாட்டில் சாயாமல் பிடித்துக்கொள்வது ஆர்மின் அகலமான முன்பக்கப் பிடிப்புதான். அது கதவுக் கீல் மாதிரி ஒரே அச்சில் சுழல்கிறது. அங்கே ரப்பர் புஷ் பொருத்தம். உங்கள் அமைப்பு அப்படி இல்லை. குறுக்கு லிங்க் வட்டமாகச் சுழலும்போது ஹப்பையும் உள்ளே இழுக்கும். லிங்க் 400 மி.மீ. நீளம், சக்கரம் மேலும் கீழும் 125 மி.மீ. ஏறி இறங்கும் என்று வைத்தால், கடைசி நிலையில் ஹப் சுமார் 20 மி.மீ. உள்ளே வரும். அந்த அசைவுக்கு முன்முனை இடம் கொடுத்தே ஆக வேண்டும். அங்கே சைலன்ட் பிளாக் இருந்தால், இறுக்கமான ரப்பர் ஒவ்வொரு குழியிலும் முறுக்கப்பட்டுக் கொஞ்ச நாளில் கிழியும்; அதற்குள் சட்டத்து பிராக்கெட்டின் வெல்டில் விரிசல் விட்டாலும் ஆச்சரியமில்லை. ஆகவே அங்கே பந்து மாதிரி எல்லாப் பக்கமும் திரும்பும் ஜாயின்ட்தான் வேண்டும்.

ராட் எண்டிலும் பந்து இருக்கிறதே என்பீர்கள். கோளாறு பந்தில் இல்லை, அதன் வாலில் இருக்கிற மரையில்.

கணக்குப் போடுவோம். ஒரு பின்சக்கரத்தின் மேல் 140 கிலோ. மேட்டிலிருந்து குதித்து இறங்கும்போது நான்கு மடங்கு என்று வைத்தால் 560 கிலோ. நெம்புகோல் கணக்குப்படி ஷாக்கில் 840 கிலோ வரும், மிச்சம் 280 கிலோ முன்முனையில். இது ஆர்மின் நீளவாக்கில் வருவதில்லை, குறுக்கே வருகிறது. பந்தின் நடுவிலிருந்து லாக் நட் வரை 40 மி.மீ. இருந்தால், அந்த இடத்தில் மரையை வளைக்கும் திருப்புத்திறன் சுமார் 110 நியூட்டன் மீட்டர். எம்16 மரையின் அடி விட்டம் 13.5 மி.மீ.தான். தகைவு, அதாவது உலோகத்தின் மேல் விழும் விசை, சதுர மில்லிமீட்டருக்கு 450 நியூட்டனைத் தொடும். சாதாரண மைல்டு ஸ்டீல் 250-லேயே நிரந்தரமாக வளைந்துவிடும். எம்20 போட்டால் 230 ஆகக் குறையும். அதுவும் மரைப் பள்ளத்தின் கூர்மை தனியாகக் கூட்டுகிற தகைவைச் சேர்க்காமல் வந்த எண்.

இதை அனுபவத்திலும் கண்டிருக்கிறேன். கோவளம் பக்கம் சவுக்குத் தோப்பில் நான் ஓட்டிய வண்டியில் இப்படி ஒரு ராட் எண்ட் முறிந்து, பின்சக்கரம் சட்டத்துக்கு அடியில் மடங்கியது. முறிந்த முகத்தைத் துடைத்துப் பார்த்தேன். முக்கால் பாகம் கறுத்து, அலை அலையாக வரி ஓடியிருந்தது. கால் பாகம் மட்டும் புத்தம்புதிதாக மினுங்கியது. பல வாரங்களாகவே விரிசல் வளர்ந்துகொண்டிருந்திருக்கிறது. அன்று என்னைச் சுமந்தது அந்தக் கால் பாகம்தான்.

முன்முனையில் நீங்கள் போட வேண்டியது கப்புக்குள் உட்காரும் ஸ்பெரிக்கல் பேரிங். ஓட்டக்காரர்கள் யூனிபால் என்பது இதைத்தான். மரையே கிடையாது, சுமை கப் வழியாக நேரே ஆர்முக்குப் போகிறது. ஜிஇ 20 இஎஸ் வகை உங்களுக்குத் தாராளம்: உள்விட்டம் 20, வெளிவிட்டம் 35, உள்வளைய அகலம் 16 மி.மீ. நிலைச் சுமைத் திறன் 146 கிலோநியூட்டன், அதாவது ஏறத்தாழ 15 டன். பாரிமுனையில் பேரிங் கடைகளில் கேளுங்கள், பில்லோடு வாங்குங்கள். இருபுறமும் சீல் உள்ள 2ஆர்எஸ் வகைதான் வேண்டும். சீல் இல்லாததில் செம்மண் தூசி கிரீஸோடு கலந்து உப்புத்தாள் மாதிரி தேய்த்துவிடும்.

இந்தப் பேரிங் 9 டிகிரிதான் சாயும். அதனால் போல்ட்டைக் கட்டாயம் குறுக்குவாட்டில், படுக்கையாகப் போடுங்கள். அப்போது ஆர்மின் 12 டிகிரி ஏற்ற இறக்கம் முழுக்க போல்ட்டைச் சுற்றிய சுழற்சியாகிவிடும். அதற்கு வரம்பே இல்லை. சாய்வாக மிஞ்சுவது 2 டிகிரி பக்கவாட்டு அசைவு மட்டும். போல்ட்டைச் செங்குத்தாகப் போட்டால் அந்த 12 டிகிரியும் சாய்வாகிவிடும். பேரிங் முட்டி, ஏதாவது ஒன்று வளையும்.

கப் செய்வதில் அவசரம் கூடாது. பேரிங்கை உள்ளே வைத்துக்கொண்டு வெல்டு செய்யவே கூடாது, சீல் கருகும். காலி கப்பும் வெல்டுக்குப் பிறகு சுருங்கிக் கோணும். மைல்டு ஸ்டீலில் 34.5 மி.மீ. துளையோடு கடைந்து, ஆர்மில் வெல்டு செய்து, நன்றாக ஆறியபிறகு 35-க்கு போரிங் போட்டு, பேரிங் நழுவாமல் பிடிக்கும் சர்க்கிலிப் வளையத்துக்கான பள்ளமும் அப்போதே வெட்டுங்கள். இவ்வளவு நீள ஆர்ம் சின்ன லேத்தில் ஏறாது. அம்பத்தூர், கிண்டி எஸ்டேட் பக்கம் போரிங் மிஷின் உள்ள பட்டறையாகப் பாருங்கள். பேரிங் பிரஸ்ஸில் இறங்க வேண்டும். கையால் அழுத்தியே இறங்கினால் துளை பெரிதாகிவிட்டது என்று அர்த்தம்.

பிராக்கெட் இரண்டு பக்கமும் போல்ட்டைப் பிடிக்க வேண்டும். ஒற்றைத் தகடு போதாது. உள்வளையத்துக்கும் தகடுகளுக்கும் நடுவில் கூம்பு ஸ்பேசர் கடைந்து போடுங்கள், இல்லையென்றால் கப் சாயும்போது தகட்டில் இடிக்கும். பேரிங் துளைக்குள் நுழையும் ஸ்பேசர் கழுத்தின் வெளிவிட்டம் 20, உள்விட்டம் 16 மி.மீ. என்று இருந்தால் 10.9 கிரேடு (உயர் வலிமை) எம்16 போல்ட் போடலாம். தகடு உட்காரும் இடத்தில் போல்ட்டின் வழவழப்பான பாகம் வர வேண்டும், மரை வரக் கூடாது. நைலாக் நட்டை (தானாகக் கழலாமல் நைலான் வளையம் வைத்தது) கழற்றும்போதெல்லாம் புதிதாகப் போடுங்கள்.

இப்போது ராட் எண்டுக்கு வருவோம். இரண்டு குறுக்கு லிங்க்குகளுக்கும் அதுவே சரி. அங்கே விசை நீளவாக்கில் இழுக்கும் அல்லது தள்ளும்; வளைக்காது. ஒரு முனையில் வலது மரை, மறுமுனையில் இடது மரை போட்டால் லிங்க்கைக் கழற்றாமலே திருகிச் சக்கரத்தின் டோவை (மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளே அல்லது வெளியே திரும்பியிருக்கும் அளவு) சரிசெய்யலாம். மரையின் விட்டத்தைப் போல ஒன்றரை மடங்காவது உள்ளே ஏறியிருக்கட்டும். வெளிப்புறம் பெரிய வாஷர் ஒன்று போட்டுவிடுங்கள். பந்து கழன்றாலும் லிங்க் போல்ட்டை விட்டு வெளியே வராது.

மதுராந்தகத்தில் டிராக்டர் லிங்க் பந்து மலிவாகக் கிடைக்கும். உழவுக் கருவி தொங்குவதற்காகவே அதில் ஆட்டம் விட்டுச் செய்கிறார்கள். சக்கரத்தைப் பிடிக்கும் இடத்தில் அந்த ஆட்டம் உதவாது.

நிலத்தைத் தாண்டி ரோட்டுக்கு இதை எடுக்காதீர்கள். பதிவில்லாத வண்டியைப் பொது இடத்தில் ஓட்டச் சட்டம் அனுமதிப்பதில்லை. ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் வண்டியை ஜாக்கியில் ஏற்றி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். டக் என்று சத்தம் வந்தால், அண்ணனை உள்ளங்கையை ஒவ்வொரு ஜாயின்ட்டின் மேலும் மாறி மாறி வைக்கச் சொல்லிவிட்டு மறுபடி ஆட்டுங்கள். எது தேய்ந்தது என்று கைக்கே தெரிந்துவிடும்.