களவு போன அரச பணம், வெளிநாட்டு முடக்கம்: கேட்டவர்களுக்குப் பதில்

ஹட்டன்: சேர், ஒரு தலைவரின் சொத்தை வெளிநாடு முடக்கினால் பணம் அவருடைய நாட்டுக்கு வந்துவிடுமா?

வராது. முடக்கம் வேறு, பறிமுதல் வேறு. கணக்கிலிருந்து எடுக்கவோ வீட்டை விற்கவோ முடியாது, ஆனால் சொத்து இன்னும் அவர் பெயரில்தான். சாப்பாட்டுச் செலவுக்கும் சட்டத்தரணி கட்டணத்துக்கும் அனுமதி கேட்டு எடுக்கலாம். 2011 ஜனவரியில் துனீசியாவின் பென் அலி, மார்ச்சில் எகிப்தின் முபாரக், 2014 மார்ச்சில் உக்ரைனின் யானுகோவிச் என்று ஐரோப்பிய ஒன்றியம் முடக்கியதெல்லாம் அவரவர் நாட்டில் வழக்கு முடியும்வரை பணம் கைமாறாமல் இருக்கத்தான்.

பண்டாரவளை: பிடித்ததை ஏன் விட்டுவிடுகிறார்கள்?

நல்ல கேள்வி தங்கச்சி. முடக்கம் நிற்பதே சொந்த நாட்டு வழக்கின் மேல்தான். உக்ரைனின் முன்னாள் பிரதமர் அசாரோவ் வழக்கில் 2018 டிசம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் சொன்னது இது: அந்த நாட்டு விசாரணையில் குற்றஞ்சாட்டப்பட்டவரின் உரிமைகள் மதிக்கப்பட்டனவா என்று ஒன்றியமே பார்த்திருக்க வேண்டும். பார்க்காததால் முடக்கம் ரத்து. எகிப்தியர் மேலிருந்த முடக்கத்தை 2021 மார்ச்சில் ஒன்றியமே எடுத்துவிட்டது. வழக்கு முடியவும் வருஷக்கணக்காகும்: பிலிப்பைன்ஸின் முன்னாள் ஜனாதிபதி மார்கோஸின் பணத்தை சுவிட்சர்லாந்து முடக்கியது 1986இல், பிலிப்பைன்ஸ் உச்ச நீதிமன்றம் அது அரசுக்கே உரியது என்று தீர்த்தது 2003இல். நான் பார்த்த சின்னச் சங்கப் பண வழக்கொன்றில் ரசீதுப் புத்தகத்தில் இரண்டு பக்கம் கிழிந்திருந்தது, அந்த இரண்டு பக்கத்துக்காகவே ஒன்றரை வருஷம் போய்விட்டது. நாடுவிட்டு நாடு போன பணத்துக்கு எவ்வளவு காகிதம் வேண்டும் என்று பாருங்கள்.

தலவாக்கலை: 2023இல் கனடா ராஜபக்ச சகோதரர்களின் சொத்தை முடக்கியது களவுக்காகத்தானே?

இல்லை தம்பி. யுத்தகால மனித உரிமை மீறலுக்காக.

தலவாக்கலை (மறுபடி): காரணம் எதுவானால் என்ன, முடங்கியது முடங்கியதுதானே?

அப்படி விட முடியாது. களவுக்கான முடக்கம் என்றால் வழக்கு நடந்து, தீர்ப்பு வந்து, பணம் திறைசேரிக்குத் திரும்ப ஒரு வழி இருக்கிறது. உரிமை மீறலுக்கான முடக்கத்தில் பொதுவாக அந்த வழி கிடையாது, அது அந்த ஆளின் செயலுக்கான தடை.

கொட்டகலை: அப்போ 2025 மார்ச்சில் பிரித்தானியா முன்னாள் இராணுவத் தளபதி சவேந்திர சில்வா உட்பட நால்வர் மேல் போட்ட தடை?

அதுவும் உரிமை மீறலுக்காகத்தான். இரண்டையும் ஒன்றாகப் பேசினால் செத்தவர்களின் கணக்கும் தெளியாது, பணத்தின் கணக்கும் தெளியாது. எனக்கு இது முக்கியம், அதனால்தான் விடாமல் எழுதுகிறேன்.

நானுஓயா: நம் நாட்டுக்குப் பணம் எப்போது வரும்?

முதல் பதிலைப் படியுங்கள்.

மஸ்கெலியா: முடக்கிய பணம் எப்போது கைக்கு வரும்?

முடக்கம் வேறு, பறிமுதல் வேறு. இங்கே வழக்கு நடக்கட்டும், 2025 இன் 5ஆம் இலக்கச் சட்டம் குற்றத்தால் சேர்த்த சொத்தைப் பிடிக்கத்தான் வந்தது.

நோர்வூட்: மீட்ட சுவிஸ் பணத்தில் பங்கு தருகிறார்களாம், அடையாள அட்டை இலக்கமும் 2,500 ரூபாவும் கேட்டு போனுக்கு மெசேஜ் வந்தது.

ஒரு சதமும் அனுப்பாதீர்கள் அக்கா. அந்தப் பணம் அரசிடமிருந்து அரசுக்குத்தான் போகும், யாரும் வீடு தேடிப் பங்கு தரமாட்டார்கள். மெசேஜை அழிக்காமல் பொலிஸில் காட்டுங்கள்.

பொகவந்தலாவை: அம்மாவின் சேமலாப நிதி இன்னும் வரவில்லை.

இது என் துறை இல்லை. தொழில் அலுவலகத்துக்குப் போங்கள், அம்மாவின் பெயர் தோட்டத்துப் பதிவில் வேறு எழுத்தில் இருந்தால் பிறப்புச் சான்றிதழையும் கொண்டுபோங்கள்.