கலம் எப்படிச் சாகிறது?

மதிப்புக்குரிய ஐயா,

பாரிசவாதம் பற்றிய கட்டுரையில், 'சக்தி தீர்ந்தால் கலம் செத்துப்போகும்' என்று எழுதியிருந்தீர்கள். ஆனால் கலம் தன்னைத்தானே அழித்துக்கொள்ளவும், அதற்குச் சக்தி தரும் மூலக்கூறான ஏ.ரீ.பீ. வேண்டும் என்று ரியூசனில் படிப்பித்தார்கள். எது சரி? போன வருடம் அம்மப்பா பாரிசவாதத்தில்தான் போனார். அதனால் கேட்கிறேன்.

உயர்தர மாணவி, வெள்ளவத்தை

அன்பு மகளுக்கு,

உங்கள் ஆசிரியர் சொன்னது சரி. நான் பாதியைத்தான் எழுதியிருக்கிறேன்.

2022 மின்வெட்டு நாட்களில் ஒரு மழை இரவு, எங்கள் தொடர்மாடியின் கீழ்த்தளத்தில் தண்ணீர் இறைக்கும் மோட்டர் நின்றுவிட்டது. விடிவதற்குள் கார்கள் நனைந்து நின்றன. கலத்திலும் அப்படித்தான். சோடியத்தை ஓயாமல் வெளியே தள்ளும் பம்பி ஏ.ரீ.பீ.யில் ஓடுகிறது. அது நின்றால் சோடியம் உள்ளே தங்கும், பின்னாலேயே தண்ணீர் வரும், கலம் ஊதி வெடிக்கும். உள்ளே இருந்தது வெளியே கொட்டி, சுற்றியுள்ள இடமும் அழற்சியில் வேகும். இது நெக்ரோசிஸ்.

மற்றது அப்பொப்டோசிஸ், கலம் தன்னைத்தானே அழித்துக்கொள்வது. கேர், வைலி, கரி என்ற மூவர் 1972இல் வைத்த பெயர். இதில் கலம் சுருங்குகிறது, தன் டீஎன்ஏயைத் துண்டாடுகிறது, தன்னையே சிறு பொட்டலங்களாகக் கட்டிவைக்கிறது. அவற்றை அயல் கலங்கள் விழுங்கிவிடும், அழற்சி பெரிதாக வராது. கலத்தின் சக்தி நிலையமான இழைமணியிலிருந்து கசியும் சைற்றோகுரோம் சி என்ற புரதம் இன்னொரு புரதத்தோடு கூடித்தான் இந்த வேலையைத் தொடக்கிவைக்கிறது. அந்தக் கூட்டுக்கே ஏ.ரீ.பீ. போன்ற மூலக்கூறு தேவை. எனக்கு இது இன்றைக்கும் வியப்புத்தான்: அந்தச் சக்தியை உண்டாக்கும் இழைமணியே சாவையும் தொடக்குகிறது.

1997இல் வந்த ஆய்வுகள் இதை நேராகவே காட்டின. மனித ரீ கலங்களுக்கு (நோயை எதிர்க்கும் வெள்ளைக் கலங்களில் ஒரு வகை) ஒரே நஞ்சைத்தான் கொடுத்தார்கள். ஏ.ரீ.பீ. இருந்தபோது அவை ஒழுங்காகச் சுருங்கிச் செத்தன. அதை முன்கூட்டியே வற்றவைத்தபோது வெடித்துச் செத்தன. குளுக்கோசு கொடுத்து ஏ.ரீ.பீ.யை மீட்டதும் பழையபடி அப்பொப்டோசிஸ். நஞ்சு மாறவில்லை, கையிருப்புத்தான் மாறியது.

இனி அம்மப்பாவின் விசயம். மூளையில் இரத்தக்குழாய் அடைபட்டால், பாதித்த இடத்தின் நடுப்பகுதிக் கலங்களில் ஏ.ரீ.பீ. சில நிமிடங்களிலேயே தீர்ந்துவிடும். அங்கே பெரும்பாலும் நெக்ரோசிஸ். சுற்றுவட்டாரத்துக்குப் பக்கக் குழாய்களால் கொஞ்சம் இரத்தம் வரும். அந்தக் கலங்கள் மணித்தியாலக்கணக்கில் தாக்குப்பிடிக்கும். பிறகு அவற்றில் பல அப்பொப்டோசிஸில் போகும். குழாயை அடைத்த இரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தை வழக்கமாக நாலரை மணித்தியாலத்துக்குள் கொடுக்கப் பார்ப்பது இந்த வட்டாரத்தைக் காப்பாற்றத்தான்.

கட்டுரையில் அந்த வரியை இன்றே திருத்துகிறேன், மகள்.