துகள் சிறுத்தால் காந்தம் குறையுமா?

அண்ணா, வணக்கம். தருமபுரியில் எம்.எஸ்சி. இயற்பியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். புராஜெக்ட்டுக்கு லாந்தனம் ஸ்ட்ரான்சியம் மாங்கனைட் என்ற காந்த ஆக்சைடை (லாந்தனத்தின் இடத்தில் 0.3 பங்கு ஸ்ட்ரான்சியம்) சோல்-ஜெல் முறையில், அதாவது கரைசலைக் கூழாக்கி, செய்து 700 டிகிரியில் சுட்டேன். துகள் 20 நானோமீட்டர். பெங்களூருக்கு அனுப்பி விஎஸ்எம் (காந்த அளவைக் காட்டும் கருவி) பார்த்ததில் அறை வெப்பநிலையில் கிராமுக்கு 35 ஈ.எம்.யு.தான் (காந்த அளவின் அலகு) வந்தது. 90 வர வேண்டுமாமே, சாம்பிள் கெட்டுவிட்டதா? இதனால் யாருக்கு என்ன பிரயோஜனம் என்று அப்பா வேறு கேட்கிறார்.
வாசகி, பாலக்கோடு

வணக்கம்மா. சாம்பிள் கெட்டிருக்கும் என்று நான் நினைக்கவில்லை. அந்த 35-ஐ அப்படியே எழுதுங்கள், தயவுசெய்து கூட்டிப் போடாதீர்கள்.

90 என்பது கடுங்குளிரில் எல்லா ஸ்பின்னும் (எலக்ட்ரான்களின் குட்டிக் காந்தங்கள்) ஒரே பக்கம் திரும்பி நிற்கும்போது வரும் கணக்கு. உங்கள் பொருளுக்குப் பெரிய துகளிலேயே க்யூரி வெப்பநிலை (காந்தத்தன்மை மறைந்துபோகும் வெப்பநிலை) சுமார் 370 கெல்வின்தான், நீங்கள் அளந்தது 300-ல். அவ்வளவு பக்கத்தில் போய்விட்டால் காந்தம் ஏற்கெனவே கணிசமாக இறங்கியிருக்கும், அதனால் 90-ஐயும் 35-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பதே சரியில்லை.

மிச்சக் குறைவுக்கு மேற்பரப்புதான் முக்கியக் காரணம். 1951-ல் இயற்பியலாளர் ஜீனர் சொன்னபடி, மாங்கனீசு 3+ அயனியிலிருந்து நடுவில் இருக்கும் ஆக்சிஜன் வழியாக 4+ அயனிக்கு எலக்ட்ரான் தாவ வேண்டும், இரண்டின் ஸ்பின்னும் ஒரே திசையில் இருந்தால்தான் அது சுலபமாகத் தாவும், அந்தத் தாவல்தான் காந்தத்தையே உண்டாக்குகிறது. ஓரத்தில் நிற்கும் மாங்கனீசுக்கு ஒரு பக்கம் அண்டை அயனியே இல்லை, அங்கே ஸ்பின்கள் தாறுமாறாகிவிடும். மேலே ஒரே ஒரு நானோமீட்டர் அப்படிச் செத்துப்போனது என்று வைத்துக்கொள்ளுங்கள்: 20-ல் 18 மிச்சம், 0.9-ன் மும்மடி 0.729, ஆக 27 சதவீதம் காந்தம் போயே போச்சு. 50 நானோமீட்டர் துகளில் இதே அடுக்கு 12 சதவீதம்கூடத் தின்னாது. உங்கள் ஆய்வின் உயிரே இந்த வித்தியாசத்தில்தான் இருக்கிறது. அதே பொடியை 800, 900 டிகிரியிலும் சுட்டு, அளவு கூடக்கூட காந்தம் எப்படி ஏறுகிறது என்று வரைந்து காட்டுங்கள்.

அப்புறம் ஒரு சந்தேகம். லாந்தனம் ஆக்சைடை டப்பாவிலிருந்து எடுத்து அப்படியே எடை போட்டீர்களா? ஐப்பசி மழையில் அது ஈரத்தை இழுத்து ஹைட்ராக்சைடாகிவிடும், தராசு காட்டுகிற அளவுக்கு லாந்தனம் உள்ளே இருக்காது. மிஞ்சுகிற மாங்கனீசு தனி ஆக்சைடாக ஒதுங்கும். அறை வெப்பநிலையில் அதற்குக் காந்தம் கிடையாது, எடையில் மட்டும் சேரும். அந்த லாந்தனம் ஆக்சைடை முதலில் 1000 டிகிரி அளவில் சுட்டு, ஆறியதும் தாமதிக்காமல் எடை போடுங்கள். எக்ஸ்ஆர்டியில் (எக்ஸ்-கதிர் விளிம்பு விளைவுச் சோதனை) 36 டிகிரி கோணத்தின் பக்கம் வேண்டாத சிகரம் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

அப்பாவிடம் இதைச் சொல்லுங்கள். மாறும் காந்தப்புலத்தில் இந்தத் துகள்கள் சூடாகும், அந்தச் சூட்டில் புற்றுநோய்க் கட்டியை அழிக்க முடியுமா என்று ஆராய்ச்சி நடக்கிறது. க்யூரி வெப்பநிலையைத் தொட்டதும் காந்தம் போய், சூடேறுவது தானாக அடங்கிவிடும். ஸ்ட்ரான்சியத்தைக் குறைத்தால் அந்த வெப்பநிலையும் இறங்கும், உடம்பு தாங்கும் 45 டிகிரி செல்சியஸ் பக்கம்வரை அதைக் கொண்டுவரலாம்.