தறிக்காரர் வீட்டுப் பெண் குண்டு துளைக்காத ஹெல்மெட் செய்ய ஆசைப்பட்டால்

சோமனூர் பக்கத்திலிருந்து விசைத்தறி வைத்திருக்கும் ஒரு அப்பா எழுதியிருக்கிறார். மகள் பிளஸ் டூ படிக்கிறாள். "குண்டு துளைக்காத ஹெல்மெட் டிசைன் பண்ணணும்னு ஒத்தக்கால்ல நிக்கறா. அதுக்கு டெக்ஸ்டைல் டெக்னாலஜி படிக்கோணும்னு வேற சொல்றா. இந்தத் தறிச் சத்தத்துல இருந்து அவளாவது தப்பிக்கட்டும்னுதான் படிக்க வெச்சேன். கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுக்கச் சொல்லுங்க" என்று கேட்டிருக்கிறார்.

ஐயா, உங்கள் மகள் சொல்வது விளையாட்டுப் பேச்சா, விஷயம் தெரிந்த பேச்சா என்று முதலில் பார்த்துவிடுவோம். விஷயம் தெரிந்துதான் சொல்கிறாள். ராணுவ ஹெல்மெட் என்றால் நம் மனதில் இரும்புச் சட்டிதான் வருகிறது. அமெரிக்க ராணுவம் 1941 முதல் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அணிந்த எம்-1 ஹெல்மெட் அப்படித்தான், மாங்கனீசு கலந்த எஃகு. 1980களில் அதற்குப் பதிலாக வந்ததோ துணி. கெவ்லார் என்ற நூலில் நெய்த துணியை 19 அடுக்காக வைத்து, ரெசின் என்ற பிசினை ஏற்றி, அச்சில் சூடாக அழுத்திச் செய்த ஓடு. இன்று உலகின் பெரும்பாலான ராணுவங்களின் ஹெல்மெட்டுகள் அந்த வழியில் வந்தவைதான். உங்கள் தொழிலிலிருந்து ரொம்ப தூரம் ஓடிப்போக அவள் கேட்கவில்லை.

இதன் சூட்சுமம் உங்களுக்குச் சட்டென்று புரியும். ஒரு நூலைக் குண்டு தாக்கும்போது அந்த இழுவிசை நூலின் நீளம் முழுக்க ஓடுகிறது. கெவ்லாரில் அது நொடிக்கு ஏறக்குறைய 7 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும். கைத்துப்பாக்கிக் குண்டு நொடிக்கு 400 மீட்டர்தான் வருகிறது. குண்டு அடுத்த அடுக்கைத் தொடுவதற்குள் முதல் அடுக்கின் நூல்கள் அடியின் ஒரு பகுதியை அக்கம்பக்கமெல்லாம் பகிர்ந்துவிடும். விறைப்பும் உறுதியும் அதிகமாகவும் எடை குறைவாகவும் உள்ள நூல்தான் இதற்கு வேண்டும். எஃகை விட நூல் ஜெயிப்பது இந்த இடத்தில்தான்.

சரி, இப்போது உங்கள் தறிக்கு வாருங்கள். நீளவாட்டில் ஓடும் பாவு நூல், குறுக்கே ஓடும் ஊடைக்கு மேலும் கீழுமாக ஏறி இறங்கித்தானே போகிறது? அந்த நெளிவு சட்டைத் துணிக்கு நல்லது. குண்டு விஷயத்தில் அதுவே தொல்லை. நெளிந்த நூல் முதலில் நேராக வேண்டும், அதன் பிறகுதான் சுமையைத் தாங்கும். போதாக்குறைக்கு பாவும் ஊடையும் குறுக்கிடும் ஒவ்வொரு புள்ளியிலும் அந்த இழுவிசையில் கொஞ்சம் திரும்பி வந்து, அடிபட்ட இடத்திலேயே சுமையைக் கூட்டும். அதனால் நெய்யாமலேயே, நூல்களை ஒரே திசையில் அருகருகே படுக்கவைத்து, அடுத்த அடுக்கைக் குறுக்காக வைத்து ஒட்டும் முறை வந்தது. பாலிஎத்திலீன் இழை ஹெல்மெட்டுகள் பெரும்பாலும் இப்படித்தான் செய்யப்படுகின்றன. டைனீமா, ஸ்பெக்ட்ரா என்று பெயர் கேள்விப்பட்டிருப்பீர்கள். தண்ணீரில் மிதக்கும் அளவுக்கு லேசான இழை அது. ஆனால் 150 டிகிரி செல்சியஸை ஒட்டியே உருகிவிடும், அதற்குக் கீழேயே வெப்பத்தில் பலம் குறையத் தொடங்கும். கெவ்லாருக்கு அந்தப் பயம் இல்லை, ஆனால் வெயிலின் புற ஊதாக் கதிர் ஆகாது. எந்த இழை எந்த ஊர் வெயிலுக்கு, எந்த ஊர் பனிக்கு என்று தேர்ந்தெடுப்பதே ஒரு வேலை.

அடுத்தது ரெசின். நன்றாக ஒட்டினால் பலம் கூடும் என்றுதான் நாம் நினைப்போம். இங்கே அப்படியில்லை. குண்டு படும்போது அடுக்குகள் கொஞ்சம் பிரிய வேண்டும். அந்தப் பிரிவே குண்டின் சக்தியில் ஒரு பங்கைத் தின்கிறது. இறுக்கி ஒட்டிவிட்டால் குண்டு அடுக்குகளை வெட்டிக்கொண்டு போவது எளிதாகிவிடும். ரெசினைக் குறைத்தாலோ ஹெல்மெட் தொளதொளவென்று இருக்கும், வண்டியிலிருந்து தவறி விழுந்தால்கூட நசுங்கும். இந்த இரண்டுக்கும் நடுவில் அளவு பார்ப்பதுதான் டிசைன். அப்புறம் தட்டையான துணியை அரைக்கோளமாக அழுத்தினால் மடிப்பு விழுமே? மடிப்பு விழுந்த இடம் பலவீனமான இடம். அதைத் தவிர்க்க காற்றாடி போல இதழ் இதழாக வெட்டி, ஓர் அடுக்கின் வெட்டு அடுத்த அடுக்கின் வெட்டுக்கு நேராக வராதபடி திருப்பித் திருப்பி அடுக்குகிறார்கள். திருப்பூரில் பேட்டர்ன் வெட்டும் மாஸ்டரிடம் கேட்டால் இதில் எவ்வளவு தலைவலி இருக்கிறது என்று சொல்வார்.

குண்டை நிறுத்திவிட்டால் முடிந்தது என்றும் இல்லை. நிறுத்தும்போது ஓடு உள்பக்கமாகப் புடைக்கும். உடம்புக்கான கவசத்தைச் சோதிக்கும் அமெரிக்கத் தரத்தில், கவசத்துக்குப் பின்னால் வைத்த களிமண்ணில் 44 மில்லிமீட்டர் வரை குழி விழ அனுமதி உண்டு. தலைக்கு அது நடக்காது. ஓட்டுக்கும் மண்டைக்கும் நடுவே இருப்பதே ஒன்றிரண்டு சென்டிமீட்டர் இடைவெளிதான். குண்டு உள்ளே வராமலே மண்டை ஓடு உடையலாம். அதனால்தான் இந்தத் துறையில் எலும்பு, மூளை, கழுத்துத் தசை பற்றித் தெரிந்தவர்களும் வேலை செய்கிறார்கள்.

உங்கள் மகளுக்கு இயற்பியல் வருகிறதா என்று பார்க்க ஒரு கணக்குத் தருகிறேன். 9 மில்லிமீட்டர் கைத்துப்பாக்கிக் குண்டும் ஏ.கே-47 குண்டும் எடையில் ஏறக்குறைய ஒன்று, 8 கிராம். முதலாவது நொடிக்கு 400 மீட்டர், இரண்டாவது 700 மீட்டருக்குச் சற்று மேல். இயக்க ஆற்றலைப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ஒன்று 640 ஜூல், மற்றது 2,000 ஜூலை ஒட்டி வரும். வழக்கமான ஹெல்மெட்டுகள் கைத்துப்பாக்கிக் குண்டையும் வெடிகுண்டுச் சிதறல்களையும் தடுக்க வடிவமைக்கப்பட்டவை. துப்பாக்கி ரகம் ரைஃபிளாக மாறினால் அதே எடைக்குள் தடுப்பது ஏன் இவ்வளவு கஷ்டம் என்பதற்கு இந்த ஒரு கணக்கு போதும். நம் ராணுவம் நீண்ட காலம் பயன்படுத்திய பட்கா என்ற எஃகுக் கவசம் ரைஃபிள் குண்டைத் தாங்கும்தான். ஆனால் இரண்டரைக் கிலோவுக்கு மேல் எடை, காப்பதோ நெற்றியையும் பின்மண்டையையும்தான். கணக்குப் போட்டபின் "அப்போ இன்னும் லேசா எப்படிப் பண்றது?" என்று அவளே கேட்டால், ஆசை உண்மையானது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

இனி படிப்பு. 'பாதுகாப்புத் தொழில்நுட்பம்' என்று கவர்ச்சியாகப் பெயர் வைத்த இளநிலைப் படிப்பைத் தேடிப் போக வேண்டாம். ஹெல்மெட்டுக்கென்று தனிப் பட்டமும் கிடையாது. இழை, பாலிமர், இயந்திரவியல் மூன்றும் சேரும் இடம் இது. அதில் ஒன்றை ஆழமாகப் படித்துவிட்டு மற்றவற்றை முதுநிலையில் பிடித்துக்கொள்வதுதான் நடைமுறை. என் வரிசையைச் சொல்கிறேன், பிறகு உங்கள் விருப்பம். அண்ணா பல்கலைக்கழகத்தின் ஏ.சி.டெக் வளாகத்திலோ கோவை பி.எஸ்.ஜி.டெக்கிலோ டெக்ஸ்டைல் டெக்னாலஜி கிடைத்தால் யோசிக்காமல் எடுங்கள். குரோம்பேட்டை எம்.ஐ.டி-யில் ரப்பர் அண்ட் பிளாஸ்டிக்ஸ் டெக்னாலஜியும் அதே தரத்தில் வைக்கத்தக்கது. ஜே.இ.இ நன்றாக எழுதியிருந்தால் திருச்சி என்.ஐ.டி-யின் மெட்டலர்ஜி அண்ட் மெட்டீரியல்ஸ். இவை எதுவும் அமையவில்லையா, பெயர் தெரியாத கல்லூரி டெக்ஸ்டைலை விட, ஆய்வகமும் ஆசிரியர்களும் உள்ள கல்லூரியில் மெக்கானிக்கல் மேல். குண்டு படுவதைக் கணினியில் உருவகித்துப் பார்க்கும் வேலைக்கு மெக்கானிக்கல்காரர்கள்தான் அதிகம் தேவைப்படுகிறார்கள். ஒன்று மட்டும் கவனம்: ஃபேஷன் டெக்னாலஜி வேறு, டெக்ஸ்டைல் டெக்னாலஜி வேறு. விண்ணப்பத்தில் இரண்டையும் குழப்பிக்கொள்ளும் வீடுகள் நிறைய.

கம்ப்யூட்டர் சயின்ஸ் மேல் எனக்கு விரோதம் இல்லை. ஆனால் கவுன்சலிங்கில் டெக்ஸ்டைலுக்கான கட்-ஆஃப் பொதுவாகவே கம்ப்யூட்டர் சயின்ஸை விடக் குறைவாக இருக்கும். அதாவது, 200-க்கு இவள் எடுக்கும் மதிப்பெண்ணுக்குக் கம்ப்யூட்டர் சயின்ஸ் ஒரு சுமாரான கல்லூரியில்தான் கிடைக்கும் என்றால், அதே மதிப்பெண்ணுக்கு டெக்ஸ்டைல் மாநிலத்தின் முதல்தரக் கல்லூரியில் கிடைக்க வாய்ப்பு உண்டு. எந்த வகுப்பறையில் யாரோடு உட்கார்ந்து நான்கு வருடம் படிக்கிறாள் என்பது பட்டத்தின் பெயரைவிட முக்கியம் என்பது என் கட்சி.

வேலை கிடைக்குமா என்பதுதான் உங்கள் உண்மையான கேள்வி. மறைக்காமல் சொல்கிறேன்: குண்டு துளைக்காத ஹெல்மெட் செய்யும் நிறுவனங்கள் நாட்டில் கொஞ்சம்தான், தெரிந்த இடங்கள் பெரும்பாலும் வடக்கே. ராணுவத்துக்கு 1.58 லட்சம் ஹெல்மெட்டுகள் செய்யும் ஒப்பந்தத்தைப் பெற்ற எம்.கே.யு நிறுவனம் கான்பூரில். மத்திய அரசின் பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டி.ஆர்.டி.ஓ-வில், கவசப் பொருள்களை ஆராயும் டி.எம்.எஸ்.ஆர்.டி.இ ஆய்வகமும் கான்பூரில்தான். குண்டு சுட்டுச் சோதிக்கும் அதன் இன்னொரு ஆய்வகமான டி.பி.ஆர்.எல் சண்டிகரில். 2024-இல் அறிவிக்கப்பட்ட 'அபேத்' என்ற லேசான குண்டு துளைக்காத ஜாக்கெட் டி.ஆர்.டி.ஓ-வும் டெல்லி ஐ.ஐ.டி-யும் சேர்ந்து உருவாக்கியது. பெண்ணை வடக்கே அனுப்ப மனம் வராது என்றால் அதை இப்போதே வீட்டில் உட்கார்ந்து பேசிவிடுங்கள். நான்கு வருடம் படிக்கவைத்துவிட்டு அப்போது மறுப்பது நியாயமில்லை.

ஆனால் இந்தப் படிப்பு ஹெல்மெட்டோடு நிற்பதில்லை. அடுக்கு இழை, ரெசின், அச்சு என்ற அதே அறிவுதான் காற்றாலை இறக்கைக்கும் விமானப் பாகங்களுக்கும் வேண்டும். தீயணைப்பு வீரர் உடை, வெட்டுப்படாத கையுறை எல்லாம் இதே குடும்பம். மத்திய அரசு 2020-இல் 1,480 கோடி ரூபாயில் தேசியத் தொழில்நுட்ப ஜவுளி இயக்கத்தைத் தொடங்கியதே இந்த ரகத் துணிகளுக்காகத்தான். கோவையிலேயே பி.எஸ்.ஜி.டெக்கில் தொழில்துறை ஜவுளிக்கான சிறப்பு மையமும், சிட்ரா என்ற ஜவுளி ஆய்வு நிலையமும் இருக்கின்றன. தமிழ்நாட்டுப் பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தின் ஐந்து முனையங்களில் கோவையும் ஒன்று. டி.ஆர்.டி.ஓ-வில் சயின்டிஸ்ட் 'பி' என்ற ஆரம்பநிலை விஞ்ஞானி பணிக்குப் பெரும்பாலும் கேட் (பொறியியல் பட்டதாரிகளுக்கான தேசியத் தேர்வு) மதிப்பெண் கேட்பார்கள், ஏழாவது ஊதியக்குழுப்படி அடிப்படைச் சம்பளம் 56,100 ரூபாயில் தொடங்கும். எல்லா வருடமும் டெக்ஸ்டைல்காரர்களுக்கு இடம் வரும் என்று எதிர்பார்க்க முடியாது, மெக்கானிக்கலுக்கு இடம் அதிகம். தனியார் துறையில் ஆரம்பச் சம்பளம் மென்பொருளோடு போட்டி போடாது. அதையும் தெரிந்துகொண்டே முடிவெடுங்கள்.

பாப்பாவுக்கும் சில வார்த்தைகள். கண்ணு, கெவ்லாரைக் கண்டுபிடித்த ஸ்டெஃபனி குவோலெக் மருத்துவம் படிக்கப் பணம் சேர்க்கத்தான் 1946-இல் டூபான்ட் நிறுவனத்தில் தற்காலிக வேலைக்குப் போனார். வேதியியல் பிடித்துப்போய் அங்கேயே தங்கிவிட்டார். 1965-இல் அவர் கலக்கிய ஒரு திரவம் தண்ணி போல நீர்த்தும் கலங்கலாகவும் இருந்தது. வேறு யாராவது கொட்டியிருப்பார்கள். இழை இழுக்கும் கருவியை அது அடைத்துவிடும் என்று கருவியைப் பார்த்துக்கொண்டவர் தயங்க, குவோலெக் விடாமல் இழுக்கவைத்தார். அவர்கள் அப்போது தேடிக்கொண்டிருந்தது டயருக்கான இழை, கவசத்துக்கானது அல்ல. உனக்கு இப்போது ஹெல்மெட் பிடித்திருக்கிறது. மூன்றாம் ஆண்டில் வேறொன்று பிடித்தால் குற்ற உணர்ச்சி வேண்டாம்.

இன்னொரு கதையும் தெரிந்துகொள். கெவ்லாரை விடப் பலமான சைலான் என்ற இழையில் அமெரிக்கப் போலீஸாருக்குக் கவச உடைகள் செய்தார்கள். 2003-இல் பென்சில்வேனியாவில் ஒரு போலீஸ்காரரின் உடையைக் குண்டு துளைத்துவிட்டது. ஆராய்ந்ததில் ஈரமும் வெப்பமும் பட்டு அந்த இழை பலம் இழப்பது தெரிந்தது. 2005-இல் அந்த ரக உடைகளுக்கான அங்கீகாரம் போயிற்று. புதிதாக இருக்கும்போது தேர்வில் பாஸான பொருள் அது. பொருள்களை வயதாக்கிச் சோதிக்கும் வேலையில் பெயரோ புகழோ வராது, ஆனால் ஆள் தேவை எப்போதும் இருக்கும். உனக்குப் பொறுமை இருந்தால் அந்தப் பக்கமும் பார்.

இந்த வருடத்துக்கு வேதியியலில் பாலிமர் பாடத்தை ஒப்புக்குப் படிக்காதே. விசையும் அலையும் உள்ள இயற்பியல் பாடங்களில் கணக்குகளை நீயே போட்டுப் பழகு. விடுமுறையில் அப்பாவின் தறியில் ஒரு வாரம் நின்று, நூல் ஏன் அறுகிறது, எந்த இடத்தில் அறுகிறது என்று நோட்டில் எழுதிவை. பைக் ஹெல்மெட் பழையது கிடைத்தால் அறுத்துப் பார். உள்ளே இருக்கும் தெர்மோகோல் நசுங்கித்தான் தலையைக் காக்கிறது, குண்டு ஹெல்மெட்டின் வேலை வேறு. என்ன வித்தியாசம் என்று ஒரு பக்கம் எழுத முடிகிறதா என்று பார்.

ஐயா, கவுன்சலிங்கில் சாய்ஸ் நிரப்பும்போது ஏ.சி.டெக், பி.எஸ்.ஜி, எம்.ஐ.டி மூன்றையும் நான் சொன்ன பாடங்களோடு மேலே வையுங்கள். அதற்குக் கீழே நல்ல கல்லூரிகளின் மெக்கானிக்கல். நீங்கள் ஆசைப்படும் கம்ப்யூட்டர் சயின்ஸை அதற்கும் கீழே சேர்த்துக்கொள்ளுங்கள், அதில் அவளுக்கும் ஆட்சேபம் இருக்காது. வரிசையை நிரப்பும்போது அவள் பக்கத்தில் இருக்கட்டும். பிரவுசிங் சென்டர் தம்பியிடம் பாஸ்வேர்டைக் கொடுத்துவிட்டு வந்துவிடாதீர்கள்.