தகரமும் வினிகரும்

அன்புள்ள ஐயா,

2008இல் வந்த ‘டூம்ஸ்டே’ படத்தை நேற்றிரவு பார்த்தேன். கிளாஸ்கோவில் கொள்ளைநோய் பரவியதும் ஸ்காட்லாந்தையே சுவர் எழுப்பி மூடிவிடுகிறார்கள். 2035இல் அதே நோய் லண்டனுக்கு வருகிறது. மருந்து தேடி ஒரு படை சுவருக்குள் போகிறது. இத்தனை வருடம் பெட்டிக்குள் கிடந்த பென்ட்லி கார் சாவியைத் திருகியதும் சீறுவதும், விஞ்ஞானி கோட்டைக்குள் ராஜாவாகிவிடுவதும் சிரிப்பாக இருந்தன. ஆனால் சுவர் கட்டியதில் எனக்குத் தப்பு தெரியவில்லை. சிலரை விட்டுப் பலரைக் காப்பது வெறும் கணக்குத்தானே? படம் தேறுமா, தேறாதா?

க., திருச்சி

அன்புள்ள க.,

கார் கிளம்பாவிட்டால் படமே கிளம்பாது, அதை விட்டுவிடுங்கள். இயக்குநர் நீல் மார்ஷல் தான் ரசித்த படங்களையெல்லாம் ஒரே அண்டாவில் கொட்டிக் கிண்டியிருக்கிறார். இரண்டு சிப்பாய்களுக்கு மில்லர், கார்ப்பென்டர் என்று பிடித்த இயக்குநர்களின் பெயரையே வைத்திருக்கிறார். எங்கிருந்து எடுத்தேன் என்று அவரே சொல்லிவிட்ட பிறகு நாம் போய் ரசீது கேட்பானேன்?

உங்கள் ‘வெறும் கணக்கு’தான் என்னைத் தூங்கவிடவில்லை. ‘சிலர்’ என்று எழுதியிருக்கிறீர்கள். ஸ்காட்லாந்தில் அப்போது ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இருந்தார்கள். எழுதும்போது கை கூசவில்லையா? இந்தக் கணக்கைப் போடுகிறவர் எப்போதும் சுவருக்கு இந்தப் பக்கம் நின்றுதான் போடுகிறார். அந்தப் படத்திலேயே கானாரிஸ் என்றொரு ஆட்சியாளன் வருகிறான். மருந்து கிடைத்தாலும் கொடுக்காமல் வைத்திருந்தால் லண்டனில் ஜனத்தொகை குறையும் என்பது அவன் திட்டம். கிளாஸ்கோவில் படித்த வாய்ப்பாட்டை லண்டனில் ஒப்பிக்கிறான், அவ்வளவுதான். கார் சத்தத்தில் உங்களுக்கு இது கேட்கவில்லை போலிருக்கிறது.

வெளியே நின்று கட்டுகிற சுவர் வேறு. உள்ளே இருப்பவர்கள் தாங்களே போட்டுக்கொள்கிற கோடு வேறு. இதை எத்தனை முறை எழுதினாலும் எனக்கு அலுக்காது. இங்கிலாந்தின் டார்பிஷயரில் ஒரு கிராமம். உள்ளூர்க்காரர்கள் ‘ஈம்’ என்பார்கள். நமக்கு ஈமக்கடன் நினைவுக்கு வந்தால் அது தற்செயல். 1665 செப்டம்பரில் லண்டனிலிருந்து தையல் வேலைக்காக வந்த துணிமூட்டையோடு அங்கே பிளேக் நுழைந்தது என்பார்கள். வசதியுள்ளவர்கள் சிலர் முன்பே கிளம்பிவிட்டார்கள். மறு ஆண்டு கோடையில், அக்கம்பக்கத்து ஊர்களுக்கு நோய் போகக் கூடாது என்று பாதிரியார் வில்லியம் மாம்பெசன் கேட்டுக்கொள்ள, மிச்சமிருந்த ஊர் எல்லையைத் தாண்டாமல் உட்கார்ந்துவிட்டது. எல்லையில் ஒரு கல். அதில் தோண்டிய குழிகளில் வினிகர் ஊற்றி, காசைப் போட்டுவிட்டுத் திரும்புவார்கள். வெளியூர்க்காரர்கள் உணவை வைத்துவிட்டுக் காசை எடுத்துக்கொண்டு போவார்கள். கடன் வைக்கவில்லை, பாருங்கள். தங்கள் கை பட்ட காசு பிறரைக் கொல்லக் கூடாது என்ற எண்ணம் வேறு. எலிசபெத் ஹான்காக் என்ற பெண் எட்டு நாட்களில் கணவனையும் ஆறு பிள்ளைகளையும் தன் கையாலேயே புதைத்தாள். ஊரில் இறந்தவர்கள் சுமார் 260 பேர்.

மாம்பெசன் தன் பிள்ளைகளை மட்டும் முன்னதாகவே வெளியே அனுப்பிவிட்டார். ‘பார்த்தீர்களா!’ என்று உடனே அடுத்த கடிதம் எழுதாதீர்கள். அவரும் மனைவி கேதரினும் அங்கேயே இருந்தார்கள். 1666 ஆகஸ்டில் கேதரின் இறந்தார். ‘டூம்ஸ்டே’யின் தொடக்கத்தில் ஒரு தாய் மகளை ராணுவ ஹெலிகாப்டரில் ஏற்றிவிட்டுத் தான் நின்றுவிடுகிறாளே, அந்த ஒரு நிமிடம் போதும் எனக்கு. உங்கள் கடிதத்தில் காருக்கு இடம் இருக்கிறது, அவளுக்கு இல்லை.

கோபித்துக்கொள்ளாதீர்கள் தம்பி. உங்களைத் திட்டும் தகுதி எனக்கும் கிடையாது. 2020இல் எங்கள் எதிர்வீட்டு வாசலில் தகரம் அடித்தார்கள். மகனுக்குத் தொற்று, வீட்டில் அவனும் எழுபது தாண்டிய அம்மாவும் மட்டும். ஆணி அறையும் சத்தம் கேட்டு மாடியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, “நல்லதுதான், தெருவுக்குப் பாதுகாப்பு” என்று சொன்னவன் நான். மறுநாள் காலை பால் பாக்கெட் கொடுக்கப் போனேன். தகரத்துக்கும் தரைக்கும் நடுவே நான்கு விரல் இடைவெளி. அதன் வழியாக பாக்கெட்டை உள்ளே தள்ளினேன். அதே இடைவெளியில் ஓர் ஐம்பது ரூபாய் நோட்டு வெளியே வந்தது, சொட்டச் சொட்ட. ஓரத்தில் சோப்பு நுரை ஒட்டியிருந்தது.

“நன்றாக அலசிவிட்டேன் தம்பி, பயப்படாமல் எடுங்கள்” என்றார் அந்த அம்மாள்.

நான் வீட்டுக்குப் போய் இடுக்கி எடுத்துவந்தேன்.