டானி கிரேவன்: ஆட்டக்காரர், பேராசிரியர், நிர்வாகி (கேள்வி பதில்)

கேள்வி: சார், தென்னாப்பிரிக்க ரக்பியில் 'டாக்' என்று ஒருவரைச் சொல்கிறார்களே, மருத்துவரா?

பதில்: இல்லை. அவர் டானி கிரேவன் (1910–1993). இனவியல், உளவியல், உடற்கல்வி என்று மூன்று முனைவர் பட்டங்கள் வாங்கியவர். இறையியல் படிக்கத்தான் ஸ்டெலன்போஷ் பல்கலைக்கழகத்துக்குப் போனார். அங்கே மார்க்கோட்டர் என்ற பயிற்சியாளர் கண்ணில் பட, பாதிரியாராக வேண்டியவர் ஸ்க்ரம்-ஹாஃப் (ஸ்க்ரமிலிருந்து வரும் பந்தை எடுத்து வீசுபவர்) ஆகிவிட்டார். மாகாண அணிக்குக்கூட ஆடாமல் 1931-ல் நேராக நாட்டு அணிக்குள் நுழைந்தார்.

கேள்வி: அண்ணா, கிரேவனுடைய அந்த 'டைவ் பாஸ்' என்ன அப்படி விசேஷம்?

பதில்: ஸ்க்ரம் என்பது இரு அணி முன்கள ஆட்டக்காரர்களும் குனிந்து கோத்துக்கொண்டு பந்துக்காகத் தள்ளுவது. அதிலிருந்து பந்து வெளியே வந்ததும் நிமிர்ந்து நின்று வீச நேரம் கிடைக்காது தம்பி, எதிரணி மேலே வந்து விழும். கிரேவன் பந்தை அள்ளிய வேகத்திலேயே உடம்பைக் கிடையாக நீட்டிப் பாய்ந்து, இரண்டு கையாலும் வீசிவிடுவார். உடம்பின் வேகமும் பந்தோடு சேர்வதால் தூரம் கிடைக்கும். அடுத்துப் பந்தை வாங்கும் ஃப்ளை-ஹாஃப் தள்ளி நின்று நிதானமாக வாங்கலாம். குறையும் உண்டு. வீசியவர் குப்புறக் கிடப்பார், அடுத்த நகர்வுக்கு ஆள் கணக்கில் ஒன்று குறையும். அவருக்கு முன்பும் சிலர் செய்ததுதான், ஆனால் பெயர் பெற்றது அவரால். 1937-ல் நியூசிலாந்து மண்ணிலேயே தொடரை 2-1 என்று வென்ற அணியில் அவர் இருந்தார்.

கேள்வி: ஆசிரியர் வேலைக்கு எப்போது போனார்?

பதில்: ஆடிக்கொண்டிருந்தபோதே கிரகாம்ஸ்டவுனில் பள்ளி ஆசிரியர். பிறகு ராணுவத்தில் உடற்பயிற்சிப் பொறுப்பு. அப்புறம் ஸ்டெலன்போஷில் உடற்கல்விப் பேராசிரியர். 1949-ல் நாட்டு அணிக்கும் பயிற்சியாளரானார். அந்த ஆண்டே ஆல் பிளாக்ஸ் எனப்படும் நியூசிலாந்து அணி தொடரில் 4-0 என்று தோற்றுப் போனது. ஸ்காட்லாந்தை 44-0 என்று வென்றது 1951-ல்.

கேள்வி: நிர்வாகியாக அவரைப் புகழலாமா? நிறவெறிக் காலத்துத் தலைவர்தானே?

பதில்: நல்ல கேள்வி. 1956 முதல் தென்னாப்பிரிக்க ரக்பி வாரியத் தலைவர், முப்பத்தைந்து ஆண்டுகளுக்கும் மேல். அந்த வாரியம் வெள்ளையருடையது. மற்றவர்களுக்குத் தனித்தனி அமைப்புகள். முதல் கறுப்பின ஸ்பிரிங்பாக் (நாட்டு அணி ஆட்டக்காரர்) எரல் டோபையஸ் டெஸ்ட், அதாவது நாடுகளுக்கிடையிலான ஆட்டம், ஆடியது 1981-ல்தான். அதற்குள் கிரேவன் தலைமைக்கு இருபத்தைந்து வயது! அரசின் சட்டம் ஒரு காரணம், சரி. ஆனால் அவ்வளவு செல்வாக்குள்ளவர் முன்பே குரலை உயர்த்தியிருக்கலாம் என்பதே என் கருத்து.

அதே ஆள்தான் 1988-ல் ஜிம்பாப்வே தலைநகர் ஹராரேக்குப் போய், நிறவெறியை எதிர்த்ததற்காக அப்போது தடை செய்யப்பட்டிருந்த ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸுடன் பேசினார். அரசு கொதித்தது. எழுபத்தெட்டு வயதில் வசவு வாங்கத் துணிந்ததையும் கணக்கில் வைக்கத்தான் வேண்டும். நிறவெறிக்காக உலகம் ஒதுக்கியதால் 1987-ன் முதல் உலகக் கோப்பை கையை விட்டுப் போன நிலையில், வேறு வழி தெரியாமல் போனார் என்பவர்களும் உண்டு. இரண்டுமே உண்மையாக இருக்கலாம். 1992-ல் வெள்ளையர், மற்றவர் ரக்பி அமைப்புகள் இணைந்தபோது, மற்றவர் தரப்புத் தலைவரான இப்ராஹிம் பட்டேலுடன் சேர்ந்து தலைமை ஏற்றார்.

கேள்வி: அவர் பெயரில் பள்ளிப் போட்டி ஏதோ இருக்காமே?

பதில்: கிரேவன் வாரம். 1964-ல் ஈஸ்ட் லண்டனில் தொடங்கியது; அதாவது தென்னாப்பிரிக்கத் துறைமுக நகரம், இங்கிலாந்து இல்லை. ஆரம்பத்தில் வெள்ளை மாணவர்களுக்கு மட்டும். இன்று எல்லோருக்கும் பொது. நாளைய நாட்டு அணியைத் தேடுபவர்கள் முதலில் வந்து உட்காருவது அங்கேதான்.