குரூப்பில் சேர்த்துவிட்டார்கள்... இனி?

இந்த இதழில் வயதானவர்களின் வாட்ஸ்ஆப் சந்தேகங்கள். வழிமுறைகள் ஆண்ட்ராய்டு போனுக்கானவை. பெரும்பாலான வீடுகளில் செயலி ஆங்கிலத்தில்தான் இருக்கிறது என்பதால் பட்டன் பெயர்களையும் அப்படியே சொல்லியிருக்கிறோம்.

எனக்கு 67 வயது. நாலைந்து குரூப்பிலிருந்து தினமும் 'காலை வணக்கம்' படங்களாக வந்து குவிகின்றன. போன் 'ஸ்டோரேஜ் ஃபுல்' என்கிறது. பேரன் படங்களையும் அழிக்க வேண்டியிருக்குமோ?
– வாசகி, கும்பகோணம்

பேரனைத் தொட வேண்டாம். வாட்ஸ்ஆப்பில் செட்டிங்ஸ், ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா, மேனேஜ் ஸ்டோரேஜ் என்று வரிசையாகப் போங்கள். அங்கே 'ஃபார்வேர்டட் மெனி டைம்ஸ்' என்று ஒரு குவியல் தனியாக இருக்கும். பல கை மாறி வந்த படங்களும் வீடியோக்களும் அதில்தான் சேரும். வீட்டுப் படங்கள் அப்படிச் சுற்றி வருவதில்லை, அதனால் முதலில் அதைக் காலி செய்யுங்கள். அடுத்து '5 எம்.பி.க்கு மேல்' என்ற குவியல். இதில் மட்டும் ஒவ்வொன்றாகப் பாருங்கள், பேரனின் பள்ளி ஆண்டுவிழா வீடியோ இங்கேதான் இருக்கும்.

இங்கே அழிப்பது கேலரியிலிருந்தும் போய்விடும். 'கூகுள் போட்டோஸில் பத்திரமாக இருக்குமே' என்று நம்பி அழித்துவிட்டு வருந்துபவர்கள் நிறைய. கேமராவில் எடுத்த படங்களைத்தான் அது தானாகச் சேமிக்கும். வாட்ஸ்ஆப்பில் வந்த படங்களின் ஃபோல்டரை 'பேக்கப் டிவைஸ் ஃபோல்டர்ஸ்' என்ற இடத்தில் நாம்தான் ஆன் செய்ய வேண்டும்.

காலி செய்தால் மட்டும் போதாது, குழாயை மூட வேண்டும். அதே ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா பக்கத்தில் 'மீடியா ஆட்டோ டவுன்லோட்' என்று இருக்கிறது. அதன் கீழ் மொபைல் டேட்டா, வைஃபை, ரோமிங் என மூன்று வரிகள். மூன்றிலும் எல்லா டிக்கையும் எடுத்துவிடுங்கள். பிள்ளைகள் அவசரத்தில் மொபைல் டேட்டாவை மட்டும் மாற்றித் தருவார்கள். அம்மாவின் போனோ நாள் முழுக்க வீட்டு வைஃபையில் இருக்கும், படங்கள் பழையபடி கொட்டும். மாற்றிய பிறகு படங்கள் மங்கலாக, ஓர் அம்புக்குறியோடு வரும். வேண்டியதை மட்டும் தொட்டால் இறங்கும்.

'மீடியா விசிபிலிட்டி'யை அணைக்கச் சொல்லி யாராவது ஆலோசனை சொல்வார்கள். படங்கள் கேலரியில் தெரியாமல் போகும், அவ்வளவுதான். இடத்தை அடைத்துக்கொண்டுதான் இருக்கும். இன்னொன்று: 2024 முதல் வாட்ஸ்ஆப் பேக்கப்பும் கூகுளின் இலவச 15 ஜி.பி. கணக்கில் சேர்கிறது. அது நிரம்பினால் ஜிமெயிலுக்கு மின்னஞ்சல் வருவதும் நின்றுபோகும். சாட் பேக்கப்பில் 'இன்க்ளூட் வீடியோஸ்' அணைந்திருக்கட்டும்.

குரூப்பிலிருந்து விலகச் சங்கடமாக இருந்தால் 'மியூட்' போட்டு 'ஆல்வேஸ்' கொடுங்கள், யாருக்கும் தெரியாது. விலகினாலும் அறிவிப்பு போவது அட்மினுக்கு மட்டும்தான். ஆனால் துருவிப் பார்க்கும் உறவினர் யாராவது குரூப் விவரத்துக்குள் போனால், கடந்த 60 நாளில் விலகியவர்கள் பட்டியல் அங்கே இருக்கும்!

ஓய்வுபெற்ற ஆசிரியர் நான். கேட்காமலேயே ஒரு பங்குச்சந்தை குரூப்பில் சேர்த்துவிட்டார்கள். உறுப்பினர்கள் தினமும் லாபக் கணக்கைப் படமாகப் போடுகிறார்கள். நம்பலாமா?
– வாசகர், திருநெல்வேலி

வேண்டாம் ஐயா. லாபம் காட்டுகிற அந்த உறுப்பினர்களில் பெரும்பாலோர் மோசடிக் கும்பலின் ஆட்கள்தான். அடுத்து ஒரு செயலியை லிங்க் வழியாக இறக்கச் சொல்வார்கள். சிறு தொகை போட்டால் லாபத்தோடு திருப்பித் தருவார்கள், அதுதான் தூண்டில். பெரிய தொகை போட்டபின் திரையில் எண் ஏறிக்கொண்டே போகும், பணம் மட்டும் வெளியே வராது. 'முதலில் வரி கட்டுங்கள், எடுத்துக்கொள்ளலாம்' என்பார்கள். லாபத்தை எடுக்க முன்கூட்டியே வரியை அனுப்பச் சொல்லும் வழக்கம் முறையான எந்தப் பங்குத் தரகரிடமும் கிடையாது. ஆலோசனை சொல்பவர், பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் அமைப்பான செபியில் பதிவு செய்தவரா என்பதைச் செபியின் இணையதளத்திலேயே தேடிப் பார்க்கலாம். அவர்கள் அனுப்பும் சான்றிதழ் படத்தை நம்ப வேண்டாம்.

ஏற்கெனவே பணம் அனுப்பியிருந்தால் குரூப்பை விட்டு ஓடிவிடாதீர்கள். உரையாடல்களையும் எண்களையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு, உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-ஐ அழையுங்கள். யு.பி.ஐ. என்றால் 12 இலக்கப் பரிவர்த்தனை எண் கையில் இருக்கட்டும். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவுவதற்குள் முடக்கப் பார்ப்பார்கள் என்பதால், 'மகன் வரட்டும், கேட்டுக்கொண்டு செய்வோம்' என்று மாலை வரை காத்திருப்பதில்தான் பணம் போகிறது.

இனி யாரும் இழுத்துப் போடாமலிருக்க: செட்டிங்ஸ், பிரைவசி, குரூப்ஸ், 'மை கான்டாக்ட்ஸ்'. அதே பிரைவசியில் 'கால்ஸ்' என்பதற்குள் போய் 'சைலன்ஸ் அன்நோன் காலர்ஸ்' ஆன் செய்தால், வாட்ஸ்ஆப்பில் தெரியாத எண்ணிலிருந்து வரும் அழைப்பு மணியடிக்காது.

கை நடுங்குகிறது, தமிழில் தட்டச்சு வரவில்லை. பேசினால் எழுதுமாமே? என் போனில் ஏதேதோ ஆங்கிலம் வருகிறது.
– வாசகர், காரைக்குடி

நீங்கள் பேசும்போது கீபோர்டு ஆங்கிலத்தில் இருந்திருக்கும். ஜிபோர்டு (கூகுளின் கீபோர்டு) செட்டிங்ஸில் 'லாங்குவேஜஸ்', 'ஆட் கீபோர்டு', தமிழ் என்று சேர்த்துக்கொள்ளுங்கள். எழுதும்போது ஸ்பேஸ் பட்டனை அழுத்திப் பிடித்தால் மொழி மாற்றும் பட்டியல் வரும். தமிழுக்கு மாற்றிவிட்டு, கீபோர்டின் மேல் வரிசையிலுள்ள மைக்கைத் தொட்டுப் பேசுங்கள்.

பலர் குழம்பும் இடம் ஒன்று உண்டு. திரையில் இரண்டு மைக் தெரியும். கீபோர்டுக்குள் இருப்பது எழுதும். பச்சை வட்டத்தில் இருப்பது குரலைப் பதிவு செய்து அப்படியே அனுப்பிவிடும். முழு வாக்கியத்தை இயல்பான வேகத்தில் சொல்லுங்கள். ஒவ்வொரு சொல்லாக நிறுத்தினால், பேசி முடித்துவிட்டதாக நினைத்து அது அணைந்துவிடும். ஆட்பெயர்களைத்தான் அதிகம் தப்பாக எழுதும், அனுப்புமுன் அவற்றை ஒருமுறை பாருங்கள்.

எழுதவே வேண்டாம் என்றால் பச்சை மைக்கே நல்லது. அழுத்திப் பிடித்து மேலே தள்ளினால் பூட்டுப் போட்டுக்கொள்ளும். பிறகு விரலை எடுத்துவிட்டு நிதானமாகப் பேசலாம்.

அக்கா எண்ணிலிருந்து '6 இலக்க கோட் தப்பாக உனக்கு வந்துவிட்டது, அனுப்பு' என்று செய்தி. அனுப்பிவிட்டேன். இப்போது என் வாட்ஸ்ஆப் திறக்கவில்லை.
– வாசகி, சேலம்

அக்காவின் கணக்கை முதலில் பிடித்திருக்கிறார்கள், அதை வைத்து உங்களுடையதை. நீங்கள் அனுப்பிய கோட்தான் உங்கள் வாட்ஸ்ஆப்பைத் திறக்கும் சாவி. உங்கள் போனிலேயே மறுபடி எண்ணைப் போட்டு, எஸ்.எம்.எஸ்.ஸில் வரும் புதிய கோட் எண்ணை உள்ளிடுங்கள். அந்தக் கணமே திருடன் வெளியேற்றப்படுவான். அதன்பின் உங்களுக்குத் தெரியாத ஒரு 'பின்' (PIN) எண்ணைக் கேட்டால் அது அவன் வைத்தது. மின்னஞ்சல் வழியாக மாற்ற முடியாவிட்டால் 7 நாள் பொறுத்துத்தான் உள்ளே போக முடியும், ஆனால் அவனும் உள்ளே இருக்க மாட்டான். கணக்கு திரும்பியதும் 'டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன்' போட்டு மின்னஞ்சலும் கொடுங்கள். 'லிங்க்டு டிவைசஸ்' பட்டியலில் தெரியாத கருவி இருந்தால் நீக்குங்கள். உறவினர்களுக்குப் போன் செய்தே சொல்லிவிடுங்கள், உங்கள் பெயரில் பணம் கேட்டிருப்பார்கள்.

'கூரியர் வந்திருக்கிறது, *401* என்று தொடங்கும் எண்ணை அழுத்துங்கள்' என்பதும் இதே திருட்டுதான். அழுத்தினால் உங்களுக்கு வரும் அழைப்புகள் அவனுக்குப் போகும், கோட் எண்ணைச் சொல்லும் வாட்ஸ்ஆப் அழைப்பு உட்பட. ##002# அழுத்தினால் அது ரத்தாகும்.

வீடியோ காலில் போலீஸ் உடையில் ஒருவர், 'டிஜிட்டல் அரெஸ்ட்' என்கிறார்.
– வாசகர், கோவை

இந்தியச் சட்டத்தில் அப்படி ஒரு கைதே இல்லை. துண்டியுங்கள், 1930-க்குச் சொல்லுங்கள்.

இரங்கல் செய்திக்கு அழுகிற முகம் என்று நினைத்து ஒன்றை அனுப்பினேன். அது சிரித்துச் சிரித்துக் கண்ணீர் விடுகிற முகமாம்!
– வாசகி, மதுரை

இது மிகச் சாதாரணம், கலங்காதீர்கள். செய்தியை அழுத்திப் பிடித்து, குப்பைத்தொட்டி, 'டெலீட் ஃபார் எவ்ரிஒன்'. இரண்டு நாளுக்குச் சற்று மேல் வரை இது நடக்கும். பதற்றத்தில் 'டெலீட் ஃபார் மீ' அழுத்தினால் உங்கள் திரையில் மட்டும் மறையும், துக்க வீட்டில் அந்தச் சிரிப்பு அப்படியே நிற்கும். அப்படி அழுத்திவிட்டால் கீழே சில விநாடி 'அன்டூ' தெரியும், உடனே தொடுங்கள். செய்தியைத் திருத்த மட்டும் வேண்டுமென்றால் 15 நிமிடத்துக்குள் 'எடிட்' இருக்கிறது. அடுத்த முறை கைகூப்பும் படத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.